கடலூரில் இறந்த கணக்கு வாத்தியாரும் மேலே ஏறும் பந்தும்

இந்த எபிசோட்ல ஒரு பந்தோட கதையைச் சொல்லப்போறேன். பந்துக்கு முன்னாடி எங்க மாமாவைப் பத்திச் சொல்லிடறேன், ஏன்னா கதை அவர்கிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சு.

எங்க ஊரு சாமல்பட்டி. கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை பக்கம். ஜோலார்பேட்டைல இருந்து சேலம் போற ரயில் பாதையில ஒரு சின்ன ஸ்டேஷன். இப்போ எங்க ஊர்ப் பசங்க வேலைக்கு ஓசூர் போறாங்க. நானும் அப்படித்தான். சிப்காட் பக்கம் ஒரு ரூம்ல உட்கார்ந்துதான் இதைப் பதிவு பண்றேன். எங்க மாமா காலத்துல எல்லாரும் பெங்களூருக்குப் போனாங்க.

தொண்ணூறுகள்ல மாமா அங்க ஒரு கோல்ஃப் மைதானத்துல கேடியா இருந்தாரு. நம்ம ஊர்ல 'கேடி'ன்னா போலீஸ் தேடுற ஆளு. அதனால அம்மாச்சி யார்கிட்டயும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க, "பெரிய எடத்துல பை தூக்குறான்"னுதான் சொல்வாங்க. விளையாடுறவரோட பையைத் தூக்கிட்டுக் கூடவே நடக்கணும், பந்து விழுந்த இடத்தைக் கண்ணு வெச்சிருக்கணும், எந்தக் குச்சி எடுக்கலாம்னு கேட்டா சொல்லணும். இதுதான் வேலை.

ஒருநாள் ஒருத்தர் எதிர்க்காத்துல அடிக்கப் போறாரு. மாமா சொல்லியிருக்காரு: "சார், இந்தக் குச்சியில அடிச்சா பந்து போகப் போக மேல ஏறும். காத்து தூக்கி நிறுத்திடும். கொஞ்சம் தாழ அடிங்க." அவரு என்ஜினீயர். சிரிச்சிட்டாரு. "எறிஞ்ச பொருள் கீழதான்யா விழும். அது எப்படிப் போகப் போக மேல ஏறும்? நீ எத்தனாவது படிச்ச?"

மாமா எட்டாவது. அதுக்கப்புறம் அவரு அங்க யாருக்கும் யோசனை சொல்லலையாம். கேட்டாலும், "உங்க இஷ்டம் சார்"னு நிறுத்திக்குவாராம். முப்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கும் அந்த "எத்தனாவது படிச்ச"வைச் சொல்லும்போது அவரு முகம் வேற மாதிரி ஆகிடும்.

யார் சொன்னது சரின்னு தேட ஆரம்பிச்சேன். ஸ்காட்லாந்து போவோம்னு நெனச்சேன், கோல்ஃப் ஆச்சே. ஆனா தேடல் கடலூர்ல போய் நின்னுச்சு.

கடலூருக்கு ஒரு வினோதமான வரலாறு உண்டு. 1690ஆம் வருஷம். செஞ்சியில் மராட்டிய அரசர் ராஜாராம் இருக்கிறார். அவர்கிட்ட இருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்குகிறது. அப்போ சென்னை கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவுல இருக்கிற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேரு கொடுத்த அதே ஆளு. கோட்டையோட சேர்த்து எவ்வளவு நிலம்? ஒப்பந்தத்துல அளவுகோல் என்ன தெரியுமா? பீரங்கிக் குண்டு. கோட்டையில இருந்து சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போகுதோ, அந்த வட்டத்துக்குள்ள இருக்கிற ஊரெல்லாம் கம்பெனிக்கு.

சும்மா விடுவாங்களா? நல்ல பீரங்கியா பார்த்து வெச்சு, தங்களோட முழுத் திறமையையும் காட்டி, சுத்திச் சுத்திச் சுட்டாங்க. அப்படிக் கைக்கு வந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்'னே பேர் ஆச்சு. இன்னைக்கும் கடலூர்ல குண்டு சாலை இருக்கு, குண்டு உப்பலவாடின்னு ஒரு ஊர் இருக்கு. அந்தக் கோட்டைக்கு கம்பெனி வெச்ச பேரு செயின்ட் டேவிட் கோட்டை. கெடிலம் ஆத்துப் பக்கத்துல அதோட மிச்சம் இப்பவும் இருக்கு.

ஒரு ஊர் யாருக்குச் சொந்தம்ங்கிறதை ஒரு இரும்பு உருண்டை பறக்கிற பாதை முடிவு பண்ணிச்சு. அந்த உருண்டை ஏன் நேரா பறக்காதுன்னு உலகத்துலயே முதல்ல கண்டுபிடிச்ச மனுஷன், அறுபத்தொரு வருஷம் கழிச்சு அதே கோட்டையில வந்து இறந்துபோனார்.

அவர் பேரு பெஞ்சமின் ராபின்ஸ்.

1707ல் இங்கிலாந்தில் பாத் நகரத்துல பிறந்தவர். வசதியில்லாத குவேக்கர் குடும்பம். பல்கலைக்கழகம் போகல, கணக்கைத் தானே படிச்சுக்கிட்டார். லண்டன்ல வீட்டுப் பாடம் எடுக்கிற கணக்கு வாத்தியாரா வாழ்க்கையை ஓட்டினார். இருபது வயசுல, 1727ல், ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆயிட்டார்.

அந்தக் காலத்துல பீரங்கி விடுறவங்க கலிலியோ சொன்ன பரவளையக் கணக்கை நம்பிக்கிட்டு இருந்தாங்க. பள்ளிக்கூடத்துல நாமளும் படிச்சதுதான். எறிஞ்ச பொருள் அழகா ஒரு வளைவுல ஏறி, அதே அழகுல இறங்கும். காத்தெல்லாம் பெருசா ஒண்ணும் பண்ணாது. ராபின்ஸ் ஒரு வேலை பண்ணினார். கனமான ஒரு ஊசலைத் தொங்கவிட்டு, அதுமேல துப்பாக்கியால சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் ஆடுதுன்னு அளந்தா, குண்டோட வேகம் கிடைச்சிடும். பக்கத்துல இருந்து சுட்டார், தள்ளி நின்னும் சுட்டார். ரெண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் காத்து தின்னது. யாரும் எதிர்பாராத அளவுக்கு அது அதிகமா இருந்துச்சு. 1742ல் இதையெல்லாம் 'பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்'ங்கிற பொருள்படும் புத்தகமா எழுதினார்.

அந்தப் புத்தகத்துல இன்னொரு விஷயமும் சொன்னார். குண்டு கீழ மட்டும் வளையல, பக்கவாட்டுலயும் வளையுது. ஒரே துப்பாக்கி, ஒரே அளவு மருந்து, ஒரே குறி. ஒரு தடவை இடது பக்கம் போகுது, அடுத்த தடவை வலது பக்கம் போகுது. காரணம், சுழற்சி. உருண்டையான குண்டு குழலுக்குள்ள இடிச்சு உரசிக்கிட்டுத்தான் வெளிய வரும். கடைசியா எந்தப் பக்கம் உரசுச்சோ அதுக்கேத்த மாதிரி சுத்திக்கிட்டே கிளம்பும். அந்தச் சுத்துக்குக் காத்து பதில் சொல்லும்.

யோசிச்சுப் பாருங்க. 1690ல கடலூர்ல ஒரு ஊர் வட்டத்துக்கு உள்ளயா வெளியயாங்கிறதுல, குழலோட எந்தச் சுவத்துல அந்தக் குண்டு கடைசியா உரசுச்சுங்கிறதுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

சரி, ராபின்ஸ் சொன்னதை உலகம் ஏத்துக்கிச்சா? இங்கதான் அவரோட 'எத்தனாவது படிச்ச' வருது.

1745ல் ராபின்ஸோட புத்தகத்தை ஜெர்மன்ல மொழிபெயர்த்தவர் லியோனார்டு ஆய்லர். அந்த நூற்றாண்டோட ஆகப்பெரிய கணித மேதை. சும்மா மொழிபெயர்க்கல, மூலத்தை விட நீளமா விளக்கம் எழுதிச் சேர்த்தார். ராபின்ஸோட பல முடிவுகளை மதிச்சார். சுழற்சி விஷயத்தை மட்டும் மறுத்துட்டார். முழுசா உருண்டையா இருக்கிற பந்து சுத்தினா பக்கவாட்டு விசை வராது. குண்டு வளையுதுன்னா அது சரியான உருண்டையா இல்லைன்னு அர்த்தம். இதுதான் ஆய்லர் பக்கம். ஆய்லர் முட்டாளில்லை. அன்னைக்கு இருந்த கணிதத்துல அந்த விசையைக் கொண்டுவர வழியே இல்லை. கணக்குல வராததால அது இல்லைன்னு முடிவு பண்ணிட்டார்.

ராபின்ஸ் வாதம் பண்ணிக்கிட்டு இருக்கல. செஞ்சு காட்டினார். 1740களோட நடுவுல நடந்த ரெண்டு சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

முதல் சோதனை. ஒரு துப்பாக்கிக் குழலோட முனையை இடது பக்கமா லேசா வளைச்சார். இப்போ சுட்டா குண்டு இடது பக்கம்தானே போகணும்? வழியில காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, ஓட்டை எங்கெங்க விழுதுன்னு பார்த்தார். முதல்ல இடது பக்கம்தான் போச்சு. போகப் போக வலது பக்கம் திரும்பிடுச்சு. ஏன்னா, வளைவுல வரும்போது குண்டு குழலோட வலது சுவத்தை உரசுது. வலது பக்கம் பிடிச்சு இழுபட, இடது பக்கம் முன்னாடி சுத்த, மேல இருந்து பார்த்தா கடிகார முள் போற திசையில சுழற்சி. அப்படிச் சுத்துற குண்டு வலது பக்கம் வளையும்னு அவரு முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதேதான் நடந்துச்சு. குண்டு கோணலா இருந்ததால வளைஞ்சுதுன்னா, ஒவ்வொரு தடவையும் சொல்லிவெச்ச மாதிரி வலது பக்கமே எப்படி வளையும்?

ரெண்டாவது சோதனையை நீங்களே வீட்ல பண்ணலாம். நாலரை அங்குல மரப்பந்து ஒண்ணை எட்டு ஒம்பது அடி நீளமுள்ள ரெட்டைக் கயித்துல தொங்கவிட்டார். கயித்தை முறுக்கிவிட்டு, ஊசல் மாதிரி ஆட விட்டார். முறுக்குப் பிரியப் பிரிய பந்து சுத்தும். சுத்த ஆரம்பிச்சதும் ஊசல் ஒரே கோட்டுல ஆடாம பக்கத்துல விலகிப் போகும். முறுக்கை மாத்திப் போட்டா விலகுற பக்கமும் மாறும்.

அவ்வளவுதான். மரப்பந்து, கயிறு. ஆய்லர் எழுதின விளக்கத்துக்கு இது போதுமான பதில். ஆனா ஐரோப்பாவுல ஆய்லர் பேருக்கு இருந்த எடை பெருசு. சுழற்சி விஷயம் ரொம்ப காலத்துக்கு ஓரங்கட்டப்பட்டுச்சு.

ராபின்ஸ் இதுக்கு ஒரு மருந்தும் சொன்னார். சுழற்சியைத் தடுக்க முடியலைன்னா, அதை நமக்கு வேண்டிய அச்சுல வெச்சுக்கணும். குழலுக்குள்ள திருகு மாதிரி பள்ளம் வெட்டினா குண்டு போற திசையையே அச்சா வெச்சுச் சுத்தும். பக்கவாட்டு இழுப்பு இருக்காது. இந்த மாதிரித் துப்பாக்கியை முழுசா கைக்கொள்ளுற நாட்டுக்குப் போர்ல பெரிய மேலுகை கிடைக்கும்னு 1747லயே எச்சரிச்சார்.

இந்த இடத்துல நம்ம கிருஷ்ணகிரி மலையை நினைச்சுக்கோங்க. 1791 நவம்பர்ல கர்னல் மாக்ஸ்வெல் படை அந்தக் கோட்டையை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோத்துத் திரும்புச்சு. அந்தப் போர்கள்ல ரெண்டு தரப்பு பீரங்கியும் பள்ளம் வெட்டாத வழவழ குழல்தான். திப்புவோட ராக்கெட்டுகள் நேரா போக நீளமான மூங்கில் கழி கட்டியிருந்தாங்க. 1844ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹேல் அந்தக் கழியை எடுத்துட்டு, ராக்கெட்டையே சுத்தவிட்டு நேரா அனுப்ப வழி கண்டுபிடிச்சார். மூங்கில் செஞ்ச வேலையைச் சுழற்சி செஞ்சுச்சு.

மறுபடி ராபின்ஸ். 1749 கடைசியில அவர் கப்பல் ஏறினார். கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளரா நியமிச்சிருந்துச்சு. 1746ல் பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சிருந்தாங்க, 1749லதான் திருப்பிக் கொடுத்தாங்க. பயந்துபோன கம்பெனிக்குக் கோட்டைகளைப் பலப்படுத்த ஆள் வேணும். 1750 ஜூலைல ராபின்ஸ் தேவனாம்பட்டினத்துல வந்து இறங்கினார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் திட்டம் போட ஆரம்பிச்சார். செப்டம்பர்ல காய்ச்சல். தேறினார். மறுபடி படுத்தார். 1751 ஜூலை 29 அன்னைக்கு செயின்ட் டேவிட் கோட்டையில இறந்துபோனார். வயசு 44. கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கிட்டு, கையில பேனாவோட இறந்ததா சொல்வாங்க.

அடுத்த மாசம் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக்குக் கிளம்பினார். அதுக்கப்புறம் நடந்தது நம்ம பாடப்புத்தகத்துல இருக்கு. 1758ல் பிரெஞ்சுக்காரங்க செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சு இடிச்சுப் போட்டாங்க.

ராபின்ஸை நான் தியாகி ஆக்கப் பார்க்கல. நம்ம மண்ணைப் பிடிக்க வந்த ஒரு கம்பெனிக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்தவர். அவரோட அறிவு ஆளைக் கொல்லுறதைத் துல்லியமாக்குற அறிவு. அதையும் சொல்லணும். கண்ணால பார்த்ததைப் பெரிய ஆளுக்குப் பயந்து அவர் மாத்திச் சொல்லலங்கிறதையும் சொல்லணும்.

நூறு வருஷம் ஓடுச்சு. 1852ல் பெர்லின்ல குஸ்டாவ் மாக்னுஸ், பிரஷ்யப் பீரங்கிப் படைக்கு இருந்த அதே குழப்பத்துக்காக, சுத்துற உருளைமேல காத்தை ஊதி அந்த விசையைக் காட்டினார். 1877ல் ராலே பிரபு டென்னிஸ் பந்து வளையுறதைப் பத்தி எழுதின கட்டுரையில பெருமையை மாக்னுஸுக்குக் கொடுத்தார். அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 'மாக்னுஸ் விளைவு'தான். ரொம்பச் சில இடங்கள்ல மட்டும் ராபின்ஸ் பேரையும் சேர்த்துப் போடுறாங்க.

இப்போ கோல்ஃபுக்கு வருவோம். எடின்பரோவில் பி. ஜி. டெய்ட்னு ஒரு பேராசிரியர். கோல்ஃப் பைத்தியம். 1890கள்ல அவருக்கு ஒரு சந்தேகம். பந்து காத்துல நிக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டா, புவியீர்ப்பு அனுமதிக்கிறதை விட அதிகமா இருக்கு. ஏதோ ஒண்ணு அதை மேல பிடிச்சுக்கிட்டு இருக்கு. பந்துல நீளமான நாடாவைக் கட்டி, பக்கத்துல வெச்சிருந்த களிமண்ணுக்குள்ள அடிக்கச் சொன்னார். நாடால விழுந்த முறுக்கை எண்ணினா பந்து எத்தனை சுத்து சுத்துச்சுன்னு தெரிஞ்சிடும். பந்து பின்பக்கமாச் சுத்திக்கிட்டே போகுது! அதுவரைக்கும் சுழற்சின்னாலே தப்பான அடின்னுதான் ஆட்டக்காரங்க நெனச்சிருந்தாங்க. தூரம் போறதோட ரகசியமே அந்தப் பின்சுழற்சிதான்னு டெய்ட் காட்டினார். அவரோட மகன் ஃப்ரெடி, 1896லயும் 1898லயும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். 1900ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் குண்டடிபட்டு இறந்தார். அடுத்த வருஷம் அப்பாவும் போயிட்டார்.

அது எப்படித் தூக்குது? ஒகேனக்கல்ல பரிசல் போயிருப்பீங்க. துடுப்பு தண்ணியைப் பின்னாடி தள்ளும், பரிசல் முன்னாடி போகும். பின்பக்கமாச் சுத்துற பந்தோட மேல் பக்கம், எதிரே வர்ற காத்தோட திசையிலயே ஓடும். அதனால காத்து மேல் பக்கத்துல கூடுதல் தூரம் ஒட்டிக்கிட்டு வந்து, பந்துக்குப் பின்னாடி கீழ் நோக்கித் திரும்பும். பந்து காத்தைக் கீழ தள்ளுது, காத்து பந்தை மேல தள்ளுது. சுழலும் அச்சு ஒரு பக்கம் சாய்ஞ்சா, அதே விசை பந்தை இடதோ வலதோ இழுத்துட்டுப் போகும். காட்டுக்குள்ள பந்து தேடின கேடிகளுக்கு அது நல்லாத் தெரியும்.

பந்துமேல இருக்கிற குழிகளுக்கும் ஒரு கதை உண்டு. 1848 வாக்குல மலாயாக் காடுகள்ல கிடைக்கிற கட்டாபெர்ச்சா பிசின்ல வழவழன்னு பந்து செஞ்சாங்க. புதுப் பந்து சரியாப் பறக்கல. அடிபட்டு வடு விழுந்த பழைய பந்து நல்லாப் பறந்துச்சு. அதைக் கவனிச்சவங்க புதுப் பந்தையே சுத்தியலால தட்டித் தட்டி வடுவாக்கினாங்க. 1905ல் இங்கிலாந்துக்காரர் வில்லியம் டெய்லர் குழிப் பந்துக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். குழிகள் பந்தை ஒட்டின காத்தைக் கலக்கிவிடும். கலங்கின காத்து பந்தை இன்னும் கொஞ்சம் சுத்தி ஒட்டிக்கிட்டு வரும், பின்னாடி இழுக்கிற சுழல் சின்னதாகும். அதே வேகத்துல அடிச்சா வழவழப் பந்து பாதி தூரம்கூடப் போறது கஷ்டம்.

அப்போ மாமா கேள்வி? பந்தோட எடை அதிகபட்சம் 45.93 கிராம். தேர்ந்த ஆட்டக்காரர் பெரிய குச்சியில அடிச்சா நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு சுத்து சர்வசாதாரணம், சின்னக் குச்சியில அதைவிட ரொம்ப அதிகம். பலமான அடியில, கிளம்பின கொஞ்ச நேரத்துக்கு, காத்து தூக்குற விசை பந்தோட எடையையே தாண்டிடும். அப்போ பந்தோட பாதை நிஜமாவே மேல் நோக்கி வளையும். எதிர்க்காத்துல பந்து காத்தைச் சந்திக்கிற வேகம் கூடுறதால தூக்கலும் கூடும், இழுவையும் கூடும். பந்து ஏறி, நின்னு, பொத்துன்னு விழும். எட்டாவது படிச்ச மாமா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, திண்ணை உத்தரத்துல ரெட்டைக் கயிறு கட்டி ஒரு பந்தைத் தொங்கவிட்டேன். முறுக்கி ஆட விட்டேன். பந்து மெதுவா பக்கத்துல விலகிப் போச்சு. மாறி முறுக்கினேன், இந்தப் பக்கம் வந்துச்சு. மாமா வேடிக்கை பார்த்துட்டு இருந்தாரு. ராபின்ஸ் கதை, ஆய்லர் கதை எல்லாம் சொன்னேன். "மாமா, நீங்க சொன்னதுதான் சரி. அந்த என்ஜினீயர்தான் தப்பு"ன்னேன்.

கொஞ்ச நேரம் பந்தையே பார்த்துட்டு இருந்தாரு. "எனக்குத் தெரியும் மாப்ள, நான்தான் தெனம் பாத்தேனே"ன்னாரு. அப்புறம், "கடலூர்ல செத்தான் பாரு, அவனுக்கு யாராவது போய்ச் சொன்னாங்களா?"ன்னு கேட்டாரு.

பெங்களூர்ல கேடியா இருந்த சின்னசாமி முனியப்பா 2009ல் இந்தியன் ஓப்பன் ஜெயிச்ச பேப்பர் கட்டிங்கை மாமா இன்னும் பீரோல வெச்சிருக்காரு. அன்னைக்கு அதை எடுத்துக் காட்டினாரு. அடுத்த தடவை நீங்க கடலூர் போனா, சில்வர் பீச்சோட திரும்பிடாதீங்க. கெடிலம் பக்கம் அந்தக் கோட்டை இருந்த இடத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. வீட்ல கயிறும் பந்தும் இருந்தா சோதனையைப் பண்ணிப் பார்த்துட்டு, எந்தப் பக்கம் விலகுச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.